கோப்போடு வராத வரிசை

சிதம்பர ரேவண சித்தர் 1594இல் அகராதி நிகண்டை இயற்றும்வரை, முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லைத் தேடிப் போகத் தமிழ்ச் சொல்நூல்களில் வழியில்லை. திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள்வகையால் பிரித்தன: தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி எதுகையை ஒட்டி அமைந்தது. சொல்லின் இரண்டாம் எழுத்து எதுவோ அதுவே அதற்கு இடம் கொடுத்தது. இவையெல்லாம் மனப்பாடத்துக்காக எழுதப்பட்ட நூல்கள். பாட்டாக நெஞ்சில் இறங்கிவிட்ட ஒன்றில் தேடுவது தனி வேலையாக இருக்கவில்லை. ரேவண சித்தர் முதலெழுத்தை மட்டும் பார்த்து அடுக்கினார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அந்த முறையை இன்னும் இறுக்கிக் கட்டினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கடைசி எழுத்துவரை வரிசை பார்த்து வைக்கப்பட்டன.

இந்த முந்நூற்றைம்பது ஆண்டு உழைப்பின் ஒரு தன்மையை இன்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நூல்களில் சொல்லும் வரிசையும் ஒரே தாளில் இருந்தன. புத்தகத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் லண்டனுக்கு அனுப்பினாலும் வரிசை கூடவே போயிற்று. வேறு வரிசைக்குப் பழகிய வாசகர் இரண்டு பக்கம் முன்னும் பின்னும் புரட்டிச் சொல்லைக் கண்டுபிடித்துவிடுவார். ஒழுங்கு எப்படிப்பட்டது என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

தரவுத்தளத்தில் அப்படி இல்லை. சொல் ஒரு கோப்பில் இருக்கிறது. வரிசை வேறெங்கோ இருக்கிறது. இந்தப் பிரிவின் விளைவுகளை நாம் இன்னும் சரியாக எடைபோடவில்லை என்பதே இந்தத் தலையங்கத்தின் கவலை.

பிரிவு தொடங்கியது தமிழில் அல்ல. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறியேற்றம் 1963இல் வந்தது. அடுத்த ஆண்டே ஐபிஎம் தன் சிஸ்டம் 360 கணினியை எப்சிடிக் என்ற வேறொரு குறியேற்றத்தோடு அறிவித்தது. ஆஸ்கியில் எண்கள் முதலில், பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், பிறகு சிறியவை. எப்சிடிக்கில் சிறியவை முதலில், பிறகு பெரியவை, எண்கள் கடைசியில். ஒரே பெயர்ப் பட்டியலை இரு கணினிகளிலும் அடுக்கினால் இரு வரிசைகள் வந்தன. எழுத்துக்கு இயந்திரம் கொடுத்த எண்ணே அதன் இடத்தையும் முடிவு செய்யும் என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது. எண்ணும் இடமும் வேறு வேறு என்று கணினி உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தமிழ் இதில் வசமாக மாட்டிக்கொண்டது. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பு இந்திய எழுத்துகளுக்கான 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம். தேவநாகரியின் ஒலிமுறைதான் அந்தக் கட்டத்தின் சட்டகம். அதனால் நகரத்தின் பக்கத்தில் னகரம் வந்து உட்கார்ந்தது, ரகரத்தின் பக்கத்தில் றகரம். ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால் போயின. மெய்யெழுத்தின் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வைக்கப்பட்டது. தொல்காப்பியம் முப்பது எழுத்துகளை எண்ணும்போது அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிக்கிறது. அந்தக் கடைசி எழுத்து யூனிகோட் கட்டத்தில் மெய்வரிசையின் நடுவில் நிற்கிறது.

ஒன்பது சொற்களை எடுத்துப் பார்க்கலாம். தமிழ் அகரவரிசைப்படி அவை இப்படி நிற்கும்: அக்கா, அகல், அந்தி, அப்பம், அரசு, அவல், அழகு, அறம், அன்பு. குறியெண்ணை மட்டும் பார்க்கும் இயந்திரம் அவற்றை இப்படி அடுக்கும்: அகல், அக்கா, அந்தி, அன்பு, அப்பம், அரசு, அறம், அழகு, அவல். ஒன்பதாம் இடத்து அன்பு நான்காம் இடத்துக்கு வந்துவிட்டது. அகராதியில் ககர மெய் உயிர்மெய்க்கு முன்னால் வரும் என்பதால் அக்கா முதலில் நிற்க வேண்டும். இங்கே அகல் முந்திக்கொண்டது.

இது தமிழுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதன் விளைவாக வந்தவற்றுள் முக்கியமானது டேஸ்16. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்து, எண்ணின் வரிசையே அகரவரிசையாக இருக்கும்படி அமைத்த குறியேற்றம் அது. தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக ஏற்றது. உழைத்தவர்கள் மொழிமேல் அக்கறை கொண்டவர்கள். ஆனாலும் எண்ணும் இடமும் ஒன்றே என்ற 1963ஆம் ஆண்டு எண்ணத்திலிருந்து அந்தத் திட்டம் வெளியே வரவில்லை என்பதே நம் கருத்து. எழுத்தின் எண் ஒருமுறை கொடுக்கப்பட்டால் அசையக் கூடாது. அசைந்தால் பழைய கோப்பு எல்லாம் படிக்க முடியாமல் போகும். வரிசையோ மனிதர் கூடிப் பேசி மாற்றிக்கொள்வது.

பிற மொழிகளின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்பானிய மொழியில் 'சிஎச்', 'எல்எல்' என்ற இணைகள் நெடுங்காலம் தனி எழுத்துகளாக எண்ணப்பட்டு, அகராதியில் தனிப் பகுதிகளாக நின்றன. 1994இல் ஸ்பானிய மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு கூடி, அடுக்கும்போது அவற்றைச் சாதாரண எழுத்துச் சேர்க்கைகளாகவே கொள்ளலாம் என்று முடிவெடுத்தது. ஒரு பெரிய மொழியின் அகராதிகள் அத்தனையும் அந்த ஒரு முடிவால் பழையவையாயின. சுவீடனில் 'வி'யும் 'டபிள்யூ'வும் ஒரே எழுத்தாக அடுக்கப்பட்டு வந்தன. 2006இல் சுவீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியல் இரண்டையும் பிரித்தது. ஜெர்மானியர்கள் அகராதிக்கு ஒரு வரிசையும் தொலைபேசிப் புத்தகத்துக்கு வேறொரு வரிசையும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே தேசியத் தரத்தில் எழுதப்பட்டவை. டேனிஷ் மொழியில் இரட்டை 'ஏ'யில் தொடங்கும் ஊர்ப்பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். இவற்றில் ஒன்றைக்கூட எண் வரிசையால் சொல்ல முடியாது.

எனவே வரிசைக்குத் தனி விதி வேண்டும். யூனிகோட் அமைப்பு அதற்கான வழிமுறையை வகுத்தது. சிஎல்டிஆர் என்ற பொதுத் தொகுப்பில் ஒவ்வொரு மொழியின் தனித் திருத்தமும் இருக்கிறது. ஐசியு என்ற மென்பொருள் நூலகம் அதைச் செயல்படுத்துகிறது. தமிழுக்கான திருத்தம் புள்ளி வைத்த மெய்யை உயிர்மெய்க்கு முன்னால் வைக்கிறது. மேலே சொன்ன ஒன்பது சொற்களும் அதில் சரியாகவே நிற்கும். எழுத்தளவில் பார்த்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தீராதது, அந்த விதி எங்கே குடியிருக்கிறது என்ற கேள்வி.

எஸ்கியூலைட்டை எடுத்துக்கொள்வோம். ரிச்சர்டு ஹிப் 2000இல் வெளியிட்ட இந்தச் சிறு தரவுத்தளம் இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது. தமிழ் அகராதிச் செயலி, நூலகப் பட்டியல், கல்வெட்டுச் சொல்லடைவு எதுவானாலும் ஒரே ஒரு கோப்பில் அடங்கிவிடும் என்பதால் எளிய முயற்சிகளுக்கு அதுவே முதல் தேர்வு. அதில் மூன்று வரிசைகள் மட்டுமே உள்ளமைந்தவை. குறியெண் வரிசை ஒன்று. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளில் மட்டும் பெரியது சிறியது பாராதது ஒன்று. கடைசி இடைவெளிகளை விட்டுவிடுவது ஒன்று. தமிழுக்கு இவை போதாது. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பு, நமக்கு வேண்டிய வரிசையை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. இரண்டு சொற்களைக் கொடுத்தால் எது முந்தையது என்று சொல்லும் ஒரு நிரல்துண்டு, அதற்கொரு பெயர், அவ்வளவுதான்.

நிரல்துண்டு செயலிக்குள் இருக்கிறது. கோப்புக்குள் போவது பெயர் மட்டும்.

அந்தக் கோப்பை வேறொரு கருவியில் திறந்தால், அப்படியொரு வரிசை தனக்குத் தெரியாது என்று அந்தக் கருவி நின்றுவிடும். ஆண்ட்ராய்டு கைபேசியிலுள்ள எஸ்கியூலைட்டில் அந்த அமைப்புக்கே உரிய வரிசைகள் கூடுதலாக உண்டு. அவற்றைப் பயன்படுத்திய அட்டவணையைக் கணினிக்குக் கொண்டுவந்து அடுக்கச் சொன்னாலும் இதே கதைதான். பயன்படுத்துவோருக்கு எரிச்சல் தரும் பிழை இது. ஆனால் நேர்மையான பிழை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது.

நாம் அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. இரண்டாவது கருவியும் அதே பெயரில் ஒரு வரிசையைப் பதிவு செய்திருக்கிறது, ஆனால் விதி வேறு என்று வைத்துக்கொள்வோம். செயலியை எழுதியவர் 'தமிழ்' என்று பெயரிட்டு அகராதி வரிசையைக் கொடுத்தார். இன்னொருவர் கோப்பைத் திறக்க வேண்டுமே என்று அதே பெயரில் வெறும் குறியெண் ஒப்பீட்டைக் கொடுத்துச் சமாளித்தார். பிழைச் செய்தி போய்விட்டது; கோப்பு திறந்துகொண்டது. இப்போது அன்பு என்ற சொல்லைத் தேடட்டும். தரவுத்தளம் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. முன்பே அடுக்கிவைத்த இண்டெக்ஸின் நடுவில் இறங்கி, தேடும் சொல் முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்று கேட்டுப் பாதியைக் கழிக்கும். பேயரும் மெக்கிரைட்டும் 1972இல் விவரித்த பி-மர அமைப்பு அன்றிலிருந்து இன்றுவரை இப்படித்தான் வேலை செய்கிறது. நம் ஒன்பது சொற்களின் நடுவில் இருப்பது அரசு. புதிய கருவியின் கணக்கில் னகரம் ரகரத்துக்கு முன். எனவே அது முன்பாதிக்குள் போகிறது. அங்கே அன்பு இல்லை. இல்லை என்று பதில் சொல்லிவிடுகிறது. சொல்லோ கடைசி இடத்தில் அப்படியே இருக்கிறது.

தேடியவர் சொல் இல்லையென்று நம்பி, அன்பு என்று புதிதாகச் சேர்க்கிறார். ஒரு சொல் ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாடு அட்டவணையில் இருந்தாலும் தடுக்காது, ஏனென்றால் அந்தக் கட்டுப்பாடும் இதே இண்டெக்ஸைத்தான் கேட்கிறது. புதிய அன்பு அந்திக்கும் அப்பத்துக்கும் இடையில் போய் உட்காரும். கோப்பை மறுபடி பழைய செயலிக்குக் கொண்டுவந்தால், அது கடைசியில் உள்ள பழைய அன்பைத்தான் காணும். இடையில் இருப்பது அதற்குத் தெரியாது. இரண்டு கருவிகளும் தம்தம் விதிப்படி சரியாகவே நடந்திருக்கின்றன. கெட்டது கோப்பு. சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டினால் இண்டெக்ஸ் பிசகியது தெரியவரும். மறுபடி கட்டும் கட்டளையும் உண்டு; ஆனால் இரட்டைப் பதிவு ஏற்கெனவே நுழைந்துவிட்டால் கையால் களைந்த பிறகே அதுவும் ஓடும். சந்தேகப்பட்டால் அல்லவா சரிபார்ப்பார்கள்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கப்படும் இடங்களில், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கவேண்டும் என்று எழுதியிருப்பதைக் காணலாம். அதோடு விடவில்லை, அது இராசகேசரிக்கு ஒத்த அளவு என்றும் பொறித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலத்தில், எண்ணை மட்டும் கல்லில் வெட்டினால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அளவையின் பெயர் வேண்டும். பெயர் மட்டும் போதாது என்பதால், வேறொரு அறியப்பட்ட அளவையோடு ஒப்பும் வேண்டும். நம் தரவுத்தளக் கோப்பு பெயரோடு நின்றுவிடுகிறது.

சிறு கோப்புகளின் குறை, பெரிய அமைப்புகளுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸின் அடித்தள நூலகமான ஜிலிப்சி 2018 ஆகஸ்டில் 2.28 என்ற பதிப்பில் தன் வரிசை அட்டவணையைச் சர்வதேசத் தரத்துக்கு இணங்கப் புதுப்பித்தது. நல்ல நோக்கத்தோடு செய்த, நெடுநாள் தள்ளிப்போன வேலை. அதற்கு முன் 11 முதலிலும் 1-1 பிறகும் வந்த இடத்தில், புதிய பதிப்பில் 1-1 முதலில் வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வரிசைக்கு இந்த நூலகத்தையே நம்பியிருந்தது. 2019இல் வந்த டெபியன் 10, ரெட்ஹாட் 8 ஆகியவற்றுக்கு மாறியவர்களின் தரவுத்தளங்களில் இண்டெக்ஸ்கள் பிசகின. தரவுத்தளத்தின் பதிப்பு மாறவில்லை. தரவில் யாரும் கைவைக்கவில்லை. அடியிலிருந்த இயங்குதளம் மாறியதே காரணம். பழைய இயங்குதளத்தில் ஒரு பிரதியும் புதியதில் இன்னொரு பிரதியும் ஓடினால், ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் வரக்கூடும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இதற்கும் முன்பே இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. 5.1.24 பதிப்பில் ஜெர்மானிய 'எஸ்ட்செட்' எழுத்தின் ஒப்பீட்டை மாற்றியதால் பழைய இண்டெக்ஸ்கள் பயனற்றுப்போக, பின்னர் பழைய விதியையே தனிப் பெயரில் மீண்டும் கொடுக்க வேண்டியதாயிற்று.

போஸ்ட்கிரெஸ் குழு இந்தச் சிக்கலில் நடந்துகொண்ட விதம் பாராட்டத் தக்கது. வரிசை விதியின் பதிப்பு எண்ணைத் தரவுத்தளத்துக்குள்ளேயே குறித்துவைத்து, பொருந்தாதபோது எச்சரிக்கிறது. ஐசியு வரிசையை 10ஆம் பதிப்பில் சேர்த்தார்கள். 16ஆம் பதிப்பில் நம் சொந்த விதியை எழுத்தாகவே எழுதித் தரவுத்தளத்தில் பதிய முடிகிறது. நகலெடுத்தால் விதியும் நகலில் வரும். ரேவண சித்தர் காலத்தில் இயல்பாகக் கிடைத்தது, நானூறு ஆண்டு கழித்து, பெருமுயற்சியால் பாதியளவு திரும்பியிருக்கிறது. பாதி என்று சொல்லக் காரணம் உண்டு. அந்த விதி ஐசியுவின் பொது வரிசைமேல் வைத்த திருத்தம் மட்டுமே. அடியில் உள்ள பொது வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம்.

நூலகர்கள் இந்த விஷயத்தில் எல்லாருக்கும் முன்னால் இருந்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் தலைமையில் 1960களில் உருவான மார்க் பதிவுமுறையில், நூலின் தலைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு எண் உண்டு. அடுக்கும்போது தலைப்பின் தொடக்கத்தில் எத்தனை எழுத்துகளை விட்டுவிட வேண்டும் என்பதை அது சொல்லும். ஆங்கிலத் தலைப்புகளின் தொடக்கத்தில் வரும் 'தி', 'ஏ' போன்ற சொல்லை ஒதுக்குவதற்காக வந்த ஏற்பாடு. எந்தக் கணினி படித்தாலும், எந்த மென்பொருள் திறந்தாலும், அந்தக் குறிப்பு பதிவோடு கூடவே இருக்கும். வரிசை பற்றிய அறிவைத் தரவின் உள்ளே வைத்தார்கள்.

தமிழ்த் தரவுத்தளங்களும் அந்த வழியில் போக முடியும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகரவரிசைப்படி ஒரு சாவியைக் கணித்து, பக்கத்திலேயே ஒரு பத்தியில் வைத்துவிடலாம். அந்தச் சாவியை வெறும் எண்ணாக ஒப்பிட்டாலே அகராதி வரிசை கிடைக்கும். சிறப்பு வரிசை எதையும் பதிவு செய்யத் தேவையில்லை. விரிதாளில் திறந்தாலும் பைத்தானில் படித்தாலும் ஒரே ஒழுங்கு வரும். இடம் சற்றுக் கூடும்; சொல் திருந்தும்போது சாவியையும் திருத்த வேண்டும். லட்சம் சொற்கள் உள்ள அகராதிக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. அழகான நிரல் அல்ல என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பத்து ஆண்டு கழித்து அந்தக் கோப்பை முன்பின் அறியாத கருவியில் திறக்கப்போகிறவரை நினைத்தால், நாம் இதையே பரிந்துரைப்போம்.

அதற்கு முன் தமிழர் கூடி முடிவெடுக்க வேண்டியவை சில இருக்கின்றன. ஜகரம் சகரத்தின் பின் வருமா, எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பின் வருமா? ஸ்ரீ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடிகிறது. 2005இல் ஶகரம் சேர்க்கப்படும்வரை ஸகரத்தோடும், அதன்பின் ஶகரத்தோடும் எழுதினார்கள். திரையில் பெரும்பாலும் ஒரே உருவம், பட்டியலில் இரண்டு இடங்கள். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே உள்ளிடப்பட்ட கொகரமும் ஒரே குறியாக உள்ளிடப்பட்டதும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது. குறியெண் வரிசைக்கு அது தெரியாது. ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதில் ளகரத்தைத் தட்டிய பதிவுகள் எந்தப் பழைய கோப்பிலும் கிடைக்கும். பெயர்ப் பட்டியலில் தலைப்பெழுத்து இன்னொரு சிக்கல்: கி. ராஜநாராயணனைக் ககரத்தில் தேடுவதா, ரகரத்தில் தேடுவதா? ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு செயலியும் தனக்குத் தோன்றிய பதிலை நிரலுக்குள் புதைத்துவைத்தால், அடுத்த தலைமுறை அவற்றை ஒன்றுசேர்க்கும்போது எந்தப் பட்டியலும் இன்னொன்றோடு பொருந்தாது.

தமிழ் இணையக் கல்விக்கழகமும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமமும் இதைச் சேர்ந்து செய்யலாம். விதியை எழுத்தில் வெளியிட்டு அதற்குப் பதிப்பு எண் கொடுக்கட்டும். கூடவே சர்ச்சைக்குரிய இடங்களையெல்லாம் தொடும் ஓர் இருநூறு சொற்களை, சரியான வரிசையில் அடுக்கிக் கொடுக்கட்டும். எந்தத் தமிழ்த் தரவுத்தளமும் விதியின் பெயர், பதிப்பு எண், அந்த இருநூறு சொற்கள் ஆகிய மூன்றையும் ஒரு சிறு அட்டவணையாகத் தன் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். கோப்பைத் திறக்கும் கருவி முதல் வேலையாக அந்தச் சொற்களைத் தன் விதிப்படி அடுக்கிப் பார்த்து, ஒரு சொல் இடம் மாறினாலும் எழுத அனுமதிக்காமல் நிறுத்தி, இண்டெக்ஸை மறுபடி கட்டிய பிறகே தொடரட்டும். சிஎல்டிஆர் தொகுப்பு ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகிறது. திருத்தக் கோரிக்கையை யாரும் அனுப்பலாம். தமிழுக்கான விதியில் மாற்றம் வேண்டுமென்றால், அதே இருநூறு சொற்களோடு அங்கேயும் அனுப்ப வேண்டும்.